வால்வு சார் வீட்டு மாடிக் குழாய்

“இனிமேல் இந்த வீட்டுக்குள்ள கடைக் காய்கறி நுழையக் கூடாது” என்று வால்வு சார் அறிவித்தபோது அவர் வாயில் நாலாவது பிஸ்கட் இருந்தது. அதனால் அறிவிப்பு கொஞ்சம் மாவு மாவாகத்தான் வெளியே வந்தது. ஆனாலும் வீட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு, அவர் வாயை நிறைத்துக்கொண்டு பேசினாலும் புரியும், வாயை மூடிக்கொண்டு யோசித்தாலும் புரியும். அதுதான் அவருக்கு வாய்த்த கஷ்டம். அதுவேதான் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டமும். இந்த இரண்டாவது விஷயம் மண்டையில் ஏற அவருக்கு மூன்று மாதம் பிடித்தது.

வால்வு சார் என்பது ஊர் வைத்த பெயர். நகரக் குடிநீர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷ உத்தியோகம். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட வேண்டும், எந்த முக்கு வால்வை எத்தனை சுற்றுத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரோட்டில் காதை வைத்துப் படுத்து, பூமிக்கடியில் எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். அப்படி ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்த மனிதரை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வு என்று சொல்லி, அடியில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாற்காலிதான் நகர்ந்தது, அவர் நகரவில்லை. பெல்ட்டில் ஓட்டைகள் தீர்ந்துபோயின. கடைசியாக ஆணியை அடித்துத் தானே ஒரு ஓட்டை போட்டார். அதுவும் மாத முடிவில் போதவில்லை.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் டாக்டரம்மா அவருடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வராது. ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். இனிப்பை விட வேண்டும், தினம் ஒரு மணி நேரம் உடம்பு வேர்க்க வேண்டும். மூன்று மாதம் அவகாசம். அதற்குள் இறங்காவிட்டால் தினம் ஊசி, வயிற்றில், தானே குத்திக்கொள்ள வேண்டும்.

ராட்சதக் குழாய் வெடித்து நடுரோடு ஆறாக ஓடிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றவர் வால்வு சார். ஆனால் ஊசி என்றால் ஆள் அவுட். சட்டைக்குப் பட்டன் தைக்க வீட்டம்மா ஊசியில் நூல் கோத்தால் கூட அடுத்த அறைக்குப் போய்விடுவார். டாக்டரம்மா “வயிற்றில்” என்று சொன்ன மாத்திரத்தில் அவர் இரண்டு கையாலும் தொந்தியை மறைத்துக்கொண்டார். மறைப்பதற்கு இரண்டு கை போதவில்லை. வீட்டம்மாவின் அண்ணன் இதே ஊசியில் ஆரம்பித்து என்னென்னவோ ஆகிக் கடைசியில் ஒரு காலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நடக்கிறேன் என்று சத்தியம் செய்தார் வால்வு சார். நடந்தும் பார்த்தார், மூன்று நாள். காலை ஐந்தரைக்கு எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு வாசலில் வந்து நின்றுவிடுவார். தெருவில் அவருக்கு நடை மாஸ்டர் என்றே பெயர். நடையில் குறை சொல்ல முடியாது. பேச்சுதான் தாங்காது. தமது வயிறு நேற்று என்ன செய்தது, முந்தாநாள் என்ன செய்தது, நாளை என்ன செய்யலாம் என்பதை வீட்டு வாசலில் ஆரம்பித்தால் பூங்காவைச் சுற்றித் திரும்பி வரும்வரை விளக்கிக்கொண்டே வருவார். நாலாம் நாள் காலை வால்வு சார் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்துகொண்டார். அன்று சாயங்காலம்தான் பிஸ்கட்டும் அறிவிப்பும்.

திட்டம் இதுதான். மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம் போடுவது. மண்ணைக் கொத்துவது, குனிவது, நிமிர்வது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் உடம்புக்கு வேலைதானே? அதற்கு மேல் எதற்கு நடை? வீட்டம்மா கேட்டுக்கொண்டு, “நல்ல யோசனைங்க” என்றாள். அந்த இடத்திலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். அவள் எதையும் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டவள் இல்லை. ஆனால் வெற்றிக் களிப்பில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது.

அறிவிப்பில் சொல்லாத பாதியை அவர் தமது டயரியில் படமாகவே வரைந்து வைத்திருந்தார். மாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாடிக் குழாயிலிருந்து நாற்காலிவரை ஓஸ். சுற்றிலும் வட்டமாகச் செடிப் பைகள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓஸின் வாயை விரலால் அழுத்தினால், எந்தச் செடிக்கும் தண்ணீர் போய் விழும். எழுந்திருக்கவே வேண்டாம். இருபத்தெட்டு வருஷ நீர் விநியோக அனுபவத்தின் சாரம் முழுக்க அந்தப் படத்தில் இருந்தது.

அவர் எதையும் படம் வரைந்துதான் செய்வார். இந்த வீட்டைக் கட்டியபோதும் குழாய்ப் படத்தை அவரே வரைந்தார். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது, எங்கே வளைகிறது, எங்கே வால்வு என்று நீலமும் சிவப்புமாக வரைந்து, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். பக்கத்தில் கல்யாணப் போட்டோ. குழாய்ப் படம்தான் பெரிசு.

இருபது பைகளில் மண் நிரப்பித் தோட்டம் ஆரம்பமாயிற்று. மண்ணை நிரப்பியது நர்சரிக்காரர். வால்வு சார் மேற்பார்வை பார்த்தார். கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, மிளகாய் என்று ஐந்து மண்டலமாகப் பிரித்து, அட்டையில் எழுதிக் குச்சியில் செருகினார். எந்த மண்டலத்துக்கு எந்த நேரம் தண்ணீர் என்ற அட்டவணை மாடிக் கதவில் ஒட்டப்பட்டது. அவர் உத்தியோக காலத்திலேயே சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தது அந்த மாடியில்தான் என்று ஊர் பேசிக்கொண்டது.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். காலையில் ஒரு மணி நேரம் நாற்காலி, ஒரு கையில் ஓஸ், மறு கையில் பேப்பர். பக்கத்தில் “இயற்கை உரம்” என்று எழுதிய டப்பா. டப்பாவுக்குள் கிரீம் பிஸ்கட். கீழே இறங்கும்போது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, “அப்பாடா, இடுப்பே விட்டுப்போச்சு” என்று ஒரு பெருமூச்சு விடுவார். வீட்டம்மா காப்பிக் கோப்பையை நீட்டுவாள். இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்பு கலையாமல் இருப்பதை அவள் பார்த்தாளா என்று அவர் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் மாடிப்படியில் எறும்புச் சாரி. மேல்படியிலிருந்து கீழ்படிவரை ஒழுங்காக வரிசையில் வந்துகொண்டிருந்தது. வீட்டம்மா துடைப்பத்தோடு நின்று மேலே பார்த்தாள்.

“ஏங்க, உரத்துக்கு எறும்பு வருமா?”

“இயற்கை உரம்தானே. இயற்கை வரத்தான் செய்யும்.”

“அப்படியா” என்றாள் அவள். அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். அது உண்மையான உரம். துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தார். ‘புஸ்’ என்று கொஞ்சம் காற்று வந்தது. தண்ணீர் வரவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டே கீழே வந்தவருக்கு உரத்தைப் பற்றிக் கேட்க வழியில்லை. கேட்டால் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் குழாயைப் பற்றி மட்டும் சொன்னார். அவள் நிறையக் கவலைப்பட்டாள். கூடத்துக் குழாய்ப் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஒரு கேள்வியும் கேட்டாள்.

“மாடிக்குப் போற லைன்ல வால்வு கீல்வு ஏதாவது மூடியிருக்குமோ?”

வால்வு சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கே வால்வு திறக்கிறவரிடம், சமையலறையிலிருந்து வந்து ஒருத்தி வால்வைப் பற்றிக் கேட்கிறாள். விரலை வைத்துக் காட்டினார். தொட்டியிலிருந்து நீலக் கோடு இறங்கி, மாடிப்படி அறைச் சுவருக்குள் போய், வெளியே குழாயில் முடிந்தது. நடுவில் ஒரு புள்ளி கூட இல்லை.

“இந்த லைன்ல வால்வே கிடையாது. நான் போட்ட லைன். எனக்குத் தெரியாதா?”

“நீங்க சொன்னா சரிதான்” என்றாள் வீட்டம்மா.

பிறகு அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நோயைக் கண்டுபிடித்தார். உப்புப் படிந்து குழாய் உள்ளுக்குள் அடைத்துக்கொண்டது. சுவரை உடைத்தால்தான் வழி. ஆனால் சுவருக்கு வண்ணம் அடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த முறை வண்ணம் அடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று அவள் கேட்டபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வீட்டுத் தண்ணீருக்கு இன்னொருத்தர் வந்து வைத்தியம் பார்ப்பதா? ஊரில் தலைகாட்ட முடியுமா? அவள் அதையும் ஒப்புக்கொண்டாள்.

ஓஸ் இருக்கிறதே என்று அவருக்குத் தெம்பு. கொல்லைப்புறக் குழாயில் மாட்டி, ஜன்னல் வழியாக மேலே ஏற்றினார். ஒருநாள் வேலை செய்தது. மறுநாள் ஓஸைக் காணோம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசல் கழுவ ஒரே ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாளாம். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதென்றால் வால்வு சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் கொடுத்த குடை மூன்றும், ஏணி ஒன்றும் இன்னும் தெருவில் பல வீடுகளில் சௌக்கியமாக இருக்கின்றன. இது தெருவுக்கே தெரியும். வீட்டம்மாவுக்கு முதலில் தெரியும். வேறு ஓஸ் வாங்கலாம் என்றால், நம் ஓஸ் அடுத்த வீட்டில் முழுசாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றாள். மாடித் தொட்டியிலேயே வாளியை விட்டு மொண்டுகொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். குடிக்கிற தண்ணீரில் வாளியை விடக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கே உபதேசம் செய்த வாய் அவருடையது. நினைப்பை விட்டுவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது பூவாளி ஒன்று. எட்டு லிட்டர் பிடிக்கும். படிகள் இருபத்திரண்டு.

முதல் நாள் மூன்று நடையோடு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்து நின்றுகொண்டே மூச்சு வாங்கினார். மூன்றாம் நாள் தோட்டத்தையே ஊற்றி மூடிவிடலாம் என்று முடிவெடுத்துச் சாப்பிட வந்தார். தட்டில் சோறும் பருப்பும் இருந்தன. நேற்றுவரை இருந்த காய் இன்று இல்லை.

“காய் எங்கே?”

“மாடியில. இன்னும் காய்க்கல.” அவள் சாதாரணமாகச் சொன்னாள். “கடைக் காய்கறி நுழையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க வார்த்தையை நான் மீற முடியுமா?”

அவர் சொன்ன வார்த்தையை இருபத்தாறு வருஷத்தில் அவள் மீறாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. ஒரு மாதம் காலையும் மாலையும் பருப்பு. பருப்பைப் பார்க்கும்போதெல்லாம் வால்வு சாருக்குப் பூவாளி ஞாபகம் வந்தது. பேசாமல் எழுந்து போய்ச் சுமந்தார்.

சுமக்கச் சுமக்க ஒரு விபரீதம் நடந்தது. செடிகள் மேல் அவருக்குப் பாசம் வந்துவிட்டது. முதல் கத்தரிப்பூ ஊதாவாக விரிந்த அன்று ஆபீஸிலிருந்து இரண்டு தடவை போன் செய்து அது எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு தக்காளி, பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்தபோது நடை மாஸ்டரை மேலே அழைத்து வந்து காட்டினார். மாஸ்டர் தக்காளி தமது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். வால்வு சார் அதையும் பொறுத்துக்கொண்டார். பெற்றவர்கள் பிள்ளைக்காக எதைத்தான் பொறுக்க மாட்டார்கள்?

பிறந்தநாள் வந்தது. வீட்டம்மா அவர் கண்ணைப் பொத்தி மாடிக்கு அழைத்துப் போனாள். கையை எடுத்தபோது எதிரே பதினாலு புதுப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கன்று, கழுத்தில் சிவப்பு ரிப்பன். அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மறுகணம் முழங்கால் நெகிழ்ந்தது. இருபதுக்கே காலையில் பத்து நடை. முப்பத்துநாலுக்கு? மனத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “ரொம்ப நன்றிம்மா” என்றார். அவர் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று அவள் கேட்கவில்லை.

அப்புறம் நாட்கள் ஓடின. அவரும் ஓடினார். வெண்டை காய்த்தது, கத்தரி காய்த்தது, பருப்புக்கு விடுதலை கிடைத்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. பிடித்துத் தைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குப் போனார். தையல்காரம்மா அளவு நாடாவைப் போட்டுப் பார்த்துவிட்டு, எப்படி சார் இவ்வளவு இளைச்சீங்க என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தலைக்கு மேலே, கொடிக்கம்பியில் அவருடைய ஓஸ் வளைய வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. கேட்கவில்லை, வந்துவிட்டார். மூன்று மாதத்தில் மூன்று தடவை பேன்ட்டைப் பிடிக்கப் போனார், மூன்று தடவையும் கேட்கவில்லை.

கெடு முடிந்த அன்று டாக்டரம்மாவின் அறையில் வால்வு சார் தொந்தியைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது ஒரு கையே போதுமாக இருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. இன்னொரு தடவை படித்தார். சர்க்கரை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, ஊசிப் பேச்சே வேண்டாம், மாத்திரை கூட வேண்டாம், இப்படியே செய்துகொண்டு போனால் போதும் என்றார். வால்வு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் உங்களை இப்படிப் பிடித்து ஓட வைத்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

“யாரும் இல்ல டாக்டர். நானாத்தான். வீட்டுல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது.”

“ஆமா டாக்டர்” என்றாள் வீட்டம்மா. “நான் ஒரு வார்த்தை சொல்லல.”

திரும்பும் வழியில் இந்த முறை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அவர் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தமது மன உறுதியைப் பார்த்து அசந்துபோயிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவரைக்குப் பந்தல் கட்டக் கம்பு தேடி, மாடிப்படி அறைக்குள் போனார். உடைந்த கட்டில், பழைய மின்விசிறி, மூலையில் பழைய பேப்பர் அடுக்கிய மரப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பு தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியை அவரால் அசைத்திருக்கவே முடியாது. இன்று ஒரே தள்ளு, நகர்ந்துவிட்டது.

சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன சதுரப் பள்ளம். அதற்குள் சிவப்புப் பிடி வைத்த வால்வு.

வால்வு சார் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிடியைத் தொட்டார். இறுக மூடியிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று திருப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம், என்றைக்கோ அவர் திறந்தபடி விட்டுவிட்ட மாடிக் குழாய் கட்டுடைத்துக்கொண்டு கொட்டியது. இருபத்தெட்டு வருஷத்தில் தண்ணீர் வந்ததற்காக அவர் இப்படி விழித்தது கிடையாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், புது மோட்டார் பொருத்துகிற வேலைக்காக மூன்று வாரம் அவர் நீரேற்று நிலையத்திலேயே தங்கியிருந்தார். அப்போது மாடிக் குழாய் உடைந்து தண்ணீர் ஓடியதென்றும், குழாய்க்காரரைக் கூப்பிட்டு லைனில் ஒரு வால்வு போடச் சொன்னேன் என்றும் அவள் போனில் சொன்னாள். அவர் “ம்” என்றார். திரும்பி வந்ததும் சொன்னாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து “ம்” என்றார். படத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அதற்கும் “ம்”. சொல்லாமல் விட்டவள் இல்லை அவள். இரண்டரை மாதத்துக்கு முன்னால் கூட, படத்துக்கு எதிரே நின்று, வால்வு மூடியிருக்குமோ என்று கேட்டாளே!

கோபம் வந்தது. வால்வை மூடினார். கீழே போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தார். எழும்போதுதான் பள்ளத்துக்குள், வால்வுக்குப் பின்னால் செருகியிருந்த காகிதக் கற்றை கண்ணில் பட்டது. தினம் கிழிக்கிற காலண்டர் தாள்கள், கிளிப் போட்டிருந்தது. பின்பக்கங்களில் வீட்டம்மாவின் கையெழுத்து.

‘காலை 3. படியில் உட்கார்ந்துவிட்டார். பயமாக இருக்கிறது.’

‘காலை 6, மாலை 4. முழங்கால் வலி என்று முகத்தில் தெரிகிறது. ஆபீஸிலிருந்து போன் என்று பொய் சொல்லிக் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.’

‘காலை 10, மாலை 10. கடைசி நடையில் மூச்சு வாங்கவில்லை.’

‘இன்று பாவமாக இருந்தது. திறந்துவிடலாம் என்று வால்வில் கை வைத்துவிட்டேன். அண்ணன் கால் ஞாபகம் வந்தது. திறக்கவில்லை.’

‘காலை 17. பாடிக்கொண்டே ஏறினார். கேட்கச் சகிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.’

அறுபத்தைந்து தாளும் அப்படியே இருந்தன. வால்வு சார் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒன்றையும் விடாமல் படித்தார். மாடிப்படியில் அவர் தனியாகத்தான் ஏறி இறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் கீழே சமையலறையில் ஒருத்தி கையை நிறுத்திவிட்டு, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஊரில் எத்தனை ஆயிரம் வீட்டுக்கு அவர் தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்! அவருக்காக ஒரு வால்வை மூடி வைக்க ஒருத்திதான் இருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. இந்தப் புண்ணியவதிக்கு என்ன கைம்மாறு செய்யப் போகிறோம் என்று தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். எதையும் சொல்லக் கூடாது. தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. அவள் ஜெயித்ததாகவே இருக்கட்டும். தினம் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம். அவளுக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரிந்திருப்பது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என்று நினைக்கும்போது அவருக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று கூட இருந்தது. தாள்களை இருந்தபடியே செருகினார். வால்வு மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டார். பெட்டியை அதே இடத்துக்குத் தள்ளினார். வெளியே கொட்டியிருந்த தண்ணீரைத் துடைப்பத்தால் கூட்டி, ஈரம் தெரியாமல் செடிகளுக்குத் தள்ளிவிட்டார். தடயம் இல்லை. அரசாங்க வேலை சுத்தம்.

கீழே வந்து, அவள் கேட்காமலேயே பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார். கல்யாணப் போட்டோவைக் கழற்றித் தூசி தட்டி மாட்டினார். மாட்டும்போது குழாய்ப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, போட்டோவை நடுவில் வைத்தார். டாக்டர் சொன்னதில் சந்தோஷம் என்று காரணமும் சொல்லிக்கொண்டார். வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்மா” என்றார் திடீரென்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“எதுக்கு?”

“எதுக்கும் இல்ல. சும்மாதான்.”

மறுநாள் காலை பாடிக்கொண்டே பூவாளியை எடுக்கக் கொல்லைப்புறம் போனார். பூவாளி அங்கே இல்லை. வீட்டம்மா அதை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். அதில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது.

“முதல் நடைக்கு நீங்க இதை ரொப்ப வேண்டாம்ங்க” என்று அவர் கையில் கொடுத்தாள். “மாடிக் குழாய் விடிய விடியச் சொட்டியிருக்கு. நேத்தே சத்தம் கேட்டு இதைக் குழாய்க்குக் கீழே வெச்சேன், இவ்வளவு சேர்ந்திருக்கு.”

வால்வு சார் பூவாளியைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். பாட்டு நின்றுவிட்டது.

“ரெண்டரை மாசமா நான் மூடி வெச்சிருந்தேன், ஒரு பொட்டு ஒழுகல” என்றாள் அவள். “உங்க ஆபீஸ்ல எல்லாரும் வால்வை இப்படித்தான் மூடுவீங்களா?”